டிவி முன்னால் மூச்சு வாங்குகிறவர்கள்

மூச்சிரைப்புக்காரருக்கு வீட்டில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான். உட்காருங்க. எதுக்கு அலையுறீங்க.

நாற்காலி ஜன்னலோரம் போகும். தண்ணீர் கைக்கு வரும். பேப்பர் மடிக்கு வரும்.

மூச்சு வாங்குமே என்று பயந்து உட்காருகிறார். உட்கார்ந்தே இருந்து தொடை இளைக்கிறது. தொடை இளைத்ததால் பாத்ரூம் வரை போய் வந்தாலே மூச்சு வாங்குகிறது. இன்னும் கொஞ்சம் உட்காருகிறார்.

சிஓபிடி. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதியிருக்கும். வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. இளைப்பு. இழுப்பு. "அவருக்கு முடியாது."

சிஓபிடிக்காரரை நிலைசைக்கிள் மிதிக்க வைத்து, ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால், கணிசமானவர்கள் மூச்சைச் சொல்வதில்லை. காலைச் சொல்கிறார்கள்.

இதைப் படித்த பிறகு நாற்காலிகளைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது.

நாற்காலியிலிருந்து எழுப்ப டிவி முன்னாலேயே ஒரு வழி வந்தது. நிண்டெண்டோ வீ, உடம்பை அசைத்து ஆடும் வீடியோ கேம் பெட்டி. 2006 நவம்பர். கையில் பிடிப்பது பார்க்க டிவி ரிமோட்தான். வீசினால் திரையில் டென்னிஸ் மட்டை வீசும்.

ஆர்வத்தில் வீசியவர்கள் கையைவிட்டு ரிமோட் பறந்தது. டிவி உடைந்தது. மணிக்கட்டுக் கயிறு அறுந்துபோகிறது என்று அந்த டிசம்பரிலேயே கம்பெனி தடிமனான கயிறு மாற்றிக் கொடுத்தது. பழைய கயிறு 0.6 மில்லிமீட்டர். புதியது 1 மில்லிமீட்டர்.

விளையாட்டுச் சாமான் செய்தவர்கள், ஆட்கள் இவ்வளவு வேகமாக வீசுவார்கள் என்று நினைக்கவில்லை.

2007 டிசம்பர், ஜப்பான். வீ ஃபிட். ஏறி நிற்க ஒரு வெள்ளைப் பலகை. உள்ளே நான்கு எடை உணரிகள். எந்தக் காலில் எவ்வளவு பாரம் என்று அதற்குத் தெரியும்.

அதை யோசித்தவர் ஷிகெரு மியாமோட்டோ. மரியோவை உருவாக்கியவர். வீட்டில் தினமும் எடை பார்த்துக் குறித்து வைப்பது அவருக்குப் பொழுதுபோக்காகிவிட்டதாம். சுமோ மல்லர்களை நிறுக்க இரண்டு எடை மெஷின், காலுக்கொன்று வைப்பார்கள் என்பதும் பலகையின் யோசனைக்கு ஒரு காரணம்.

சுமோ மல்லருக்கு வைத்த மெஷின். அதில் ஏறப்போவது நாற்பத்தைந்து கிலோ தாத்தா.

ஹார்ட்ஃபோர்ட், கனெக்டிகட், அமெரிக்கா. 2013இல் வெளிவந்த ஆய்வு. சிஓபிடிக்காரர்கள் 20 பேர். வீட்டிலேயே வீ ஃபிட். 12 வாரம். முடிவில், ஒரே வேகத்தில் எத்தனை நேரம் நடக்க முடிகிறது என்ற சோதனையில் நேரம் கூடியிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கத் தனிக் குழு இல்லை. சின்ன ஆய்வு. இதை வைத்து ஊரைக் கூட்ட முடியாது.

ஆனால் "வீட்டிலேயே." இந்த வார்த்தையின் கீழே ஒரு கோடு.

மாண்ட்ரியாலில், ஆஸ்பத்திரியில் தங்கி நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி எடுத்தவர்களிடமும் வீயைக் கொடுத்துப் பார்த்தார்கள்.

வீட்டுக்குள்ளேயே என்பதற்கு இன்னொரு காரணம், மாண்ட்ரியால் குளிர். வெளியே நடந்தால் குளிர்காற்றிலேயே மூச்சுக்குழாய் சுருங்கும். சென்னை மே மாதத்துக்கும் நடைப்பயிற்சிக்கும் உள்ள உறவும் ஏறக்குறைய இதுதான்.

பிரிஸ்பேன். இது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள பெரியவர்கள். கெட்டிச் சளி நுரையீரலை அடைக்கும் பிறவி நோய். ஒரு நாள் டிரெட்மில் அல்லது சைக்கிள், ஒரு நாள் விளையாட்டு. இதயத் துடிப்பு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்று. எது பிடித்தது என்றால் விளையாட்டு. 2011.

டிரெட்மில்லை யாரும் "இன்னொரு ரவுண்டு" என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

கினெக்ட். 2010 நவம்பர். கையில் எதுவும் வேண்டாம். கேமரா உடம்பைப் பார்க்கும். முதல் 60 நாளில் 80 லட்சம் விற்றுக் கின்னஸில் ஏறியது.

அதோடு சேர்ந்து வந்த ஆட்டத் தொகுப்பு, கினெக்ட் அட்வென்சர்ஸ். ஓர் ஆட்டத்தில் நீங்கள் கடலுக்கடியில் கண்ணாடிப் பெட்டிக்குள். மீன் முட்டி விரிசல் விழும். தண்ணீர் பீறிடும். கையாலும் காலாலும் ஓட்டைகளை அடைக்க வேண்டும்.

மூச்சுத் திணறுகிறவருக்கு இந்த ஆட்டத்தைப் போட்டுக் காட்டலாமா? யோசிக்க வேண்டியது. அவர் சிரிக்கவும் கூடும்.

போலந்தில் சிஓபிடிக்காரர்களுக்குக் கினெக்ட் வைத்து நடந்த பெரிய சோதனை 2020இல் வெளியானது. கினெக்ட் உற்பத்தி நின்றது 2017இல்.

டாக்டர்கள் ஒரு பொருள் நல்லது என்று எழுதி முடிப்பதற்குள் கடைக்காரன் அதை மூட்டை கட்டிவிடுகிறான். மாத்திரைக்கு இப்படி நடந்தால் பேப்பரில் வரும்.

பலமாக ஊதும்போது நுரையீரலிலிருந்து முதல் நொடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது. இதுதான் சிஓபிடியின் முக்கியமான எண். வருடா வருடம் இறங்கும். பயிற்சியால் இந்த எண் ஏறாது. சைக்கிளாலும் ஏறாது, வீயாலும் ஏறாது.

ஏறுவது நடக்கிற தூரம். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் தடவைகள். ஆட்டத்தின் ஸ்கோர்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் எண் இறங்கியே பார்த்தவர், எண் ஏறுவதை எங்கே பார்ப்பார்?

ஆறு நிமிட நடைச் சோதனை. 30 மீட்டர் தாழ்வாரம். இரு முனையிலும் ஆரஞ்சுக் கூம்பு. ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம், அவ்வளவுதான். நடுவில் நிற்கலாம், சுவரில் சாயலாம், கடிகாரம் நிற்காது.

சோதனை செய்பவர் கூடவே நடக்கக் கூடாது. உற்சாகப்படுத்தக்கூட அச்சடித்த வாக்கியம்தான். "நல்லா பண்றீங்க. இன்னும் ஐந்து நிமிடம்." அமெரிக்க மார்பு மருத்துவச் சங்கத்தின் 2002 விதி. வேறு வார்த்தை சொன்னால் சோதனை கெட்டுவிடும். ஆர்வமாகத் தலையாட்டினாலும் கெட்டுவிடும்.

சரியாகச் சொல்கிறார்கள். நல்ல வார்த்தைக்கு மீட்டர் கணக்கில் பலன் இருக்கிறது.

விளையாட்டுப் பெட்டி நொடிக்கொரு தடவை கைதட்டுகிறது.

போர்க் அளவுகோல். குன்னார் போர்க், ஸ்வீடன், உளவியலாளர். மூச்சு எவ்வளவு வாங்குகிறது என்பதை நோயாளியே எண்ணாகச் சொல்ல வேண்டும். 0 முதல் 10 வரை. 0க்கும் 1க்கும் நடுவில் மட்டும் ஒரு 0.5. மிக மிக லேசாக, தெரிந்தும் தெரியாமலும் என்பதற்கு.

அந்த அரைக்கு இடம் விட்டவர் மேல் மரியாதை வருகிறது.

பயிற்சிக்கு 4 முதல் 6 வரை போகலாம் என்கிறார்கள். அதாவது மூச்சு வாங்கத்தான் வேண்டும். வாங்காவிட்டால் பயிற்சி இல்லை. வீட்டாரிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது எப்படி?

இன்னொரு பழைய அளவுகோல். சார்ல்ஸ் ஃப்ளெட்சர், வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைப் பார்த்து உருவாக்கியது. சமதரையில் உன் வயதுக்காரனோடு சேர்ந்து நடக்க முடிகிறதா? நூறு கஜத்தில் நிற்கிறாயா? கடைசிப் படி: சட்டை மாற்றினாலே மூச்சு வாங்குகிறதா?

சட்டை. கை தலைக்கு மேலே போகிற வேலை. தலை சீவுவது, கொடியில் துணி போடுவது, பரணில் டப்பா வைப்பது. கால் அசையாமலே மூச்சு முட்டும். நோய் முற்றியவருக்குத் தோள், கழுத்துச் சதைகளும் மூச்சிழுக்கும் வேலைக்கு வந்துவிடுகின்றன. அவற்றைக் கை தூக்கவும் அனுப்பினால் மூச்சுக்கு ஆள் குறையும்.

அதனால்தான் முட்டியில் கை ஊன்றிக் குனிந்து உட்காருகிறார்கள். மேஜையில் முழங்கை ஊன்றியபடி பேசுகிறார்கள். பார்த்திருக்கிறோம். சோர்வு என்று நினைத்திருக்கிறோம்.

வீ ஸ்போர்ட்ஸில் ஐந்து ஆட்டம். டென்னிஸ், பேஸ்பால், பந்து உருட்டும் பவுலிங், கோல்ஃப், குத்துச்சண்டை. உடம்புக்கு அதிக வேலை குத்துச்சண்டையில். முழுக்கக் கைவேலை.

டென்னிஸில் ஒரு திருட்டு வழி உண்டு. சோபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டை மட்டும் சுண்டலாம். பெட்டிக்குத் தெரியாது. ஜெயிக்கவும் ஜெயிக்கலாம்.

பேரப்பிள்ளைகள் முதல் நாளே கண்டுபிடிப்பார்கள். தாத்தாவுக்கும் சொல்லிக்கொடுப்பார்கள்.

பலகையில் ஏறி நிற்கிற ஆட்டத்தில் அது நடக்காது. ஆனால் பலகையிலிருந்து விழலாம். சிஓபிடிக்காரர்களுக்கு உடம்புச் சமநிலை குறைவு, கீழே விழும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். சமநிலைக்கும் இதே பலகைதான் பயிற்சி. பக்கத்தில் ஒரு கெட்டியான நாற்காலி.

ஜன்னலோர நாற்காலிக்கு ஒருவழியாக ஒரு வேலை.

சிஓபிடியில் கஷ்டம் மூச்சை இழுப்பதில் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். விடுவதில்தான். குழாய் சுருங்கியிருக்கிறது, பழைய காற்று வெளியே போக நேரம் பிடிக்கிறது. அது போய் முடிவதற்குள் அடுத்த மூச்சு. ஆள் இறங்குவதற்குள் ஆள் ஏறும் டவுன் பஸ். வேகமாக அசையும்போது நெரிசல் கூடுகிறது. நெஞ்சு உப்பி நிற்கிறது, உள்ளே இடமில்லை.

அதனால் உதட்டைக் குவித்து மெதுவாக ஊதச் சொல்லித் தருகிறார்கள். பூவை முகருங்கள். மெழுகுவர்த்தியை ஊதுங்கள்.

ஆட்டத்தின் தாளம் யார் வெளிமூச்சுக்கும் காத்திருக்காது. கடைகளில் கிடைப்பதெல்லாம் ஆரோக்கியமான உடம்புக்குப் போட்ட தாளம்.

குழந்தைகளுக்கு நுரையீரல் சோதனை செய்யும் கம்ப்யூட்டரில் ஒரு படம் வரும். பிறந்தநாள் கேக், மெழுகுவர்த்திகள். குழாயில் பலமாக ஊதினால் திரையில் மெழுகுவர்த்தி அணையும். எல்லாம் அணையும்வரை பிள்ளை ஊதும். டாக்டருக்குத் தன் எண் கிடைத்துவிடும்.

பெரியவர்களுக்கு அந்தப் படம் போடுவதில்லை. "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்" என்று ஒருவர் பக்கத்தில் நின்று கத்துகிறார்.

ஊதாங்குழல். விறகடுப்பு. ஈர விறகு. குனிந்து ஊதி, புகையில் கண் கலங்கி, மறுபடி ஊதி. முப்பது நாற்பது வருடம். ஒரு பீடிகூடக் குடித்திருக்க மாட்டார் அந்தப் பாட்டி. ஆனாலும் சிஓபிடி வரும்.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திராவில் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் பல ஆண்டுகளாகக் கிராமத்து அடுப்புப் புகையை அளந்துவருகிறார்கள். அளக்கும் வரை அது சமையல் வாசனைதான்.

இந்தியாவில் சிஓபிடிக்காரர்கள் 1990இல் சுமார் 2.8 கோடி. 2016இல் சுமார் 5.5 கோடி.

ஊதாங்குழல் பிடித்த பாட்டிகளை வைத்து எந்தக் கம்பெனி ஆட்டம் செய்யப்போகிறது? நடவு, கும்மி, உரல். கை வீச்சும் கால் வைப்பும் அவர்களுக்குத் தெரிந்தவைதான். பவுலிங் தெரியாது.

இது என் ஆசை. ஆய்வு அல்ல.

ஊதவைத்து அளப்பது பழைய வேலை. ஜான் ஹட்சின்சன், லண்டன், 1846. தண்ணீரில் கவிழ்த்த பாத்திரத்தில் ஊதவைத்து நுரையீரல் கொள்ளளவு அளந்தவர். 2000க்கும் மேற்பட்டவர்களை ஊதவைத்தார். மாலுமிகள், போலீஸ்காரர்கள், அச்சுக் கோப்பவர்கள், மல்லர்கள், குத்துச்சண்டைக்காரர்கள், ராட்சத உயரக்காரர்கள், குள்ளர்கள், ஏழை விடுதிவாசிகள். பிறகு ஆஸ்திரேலியா போனார். ஃபிஜியில் இறந்தார்.

 

பயிற்சியும் புதிதல்ல. ஃபிரிம்லி காசநோய் சானடோரியம், இங்கிலாந்து. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். டாக்டர் மார்க்கஸ் பேட்டர்சன். காசநோயாளிகளைப் படுக்கவைப்பதே வழக்கமாக இருந்த காலத்தில் அவர்களுக்குப் படிப்படியாக வேலை கொடுத்தார். முதலில் நடை. பிறகு மண் கூடை சுமப்பது. பிறகு சின்ன மண்வாரி. பிறகு பெரிய மண்வாரி. கடைசியில் குந்தாலி. காய்ச்சல் ஏறினால் திரும்பப் படுக்கை. குறைந்தால் மறுபடி ஆரம்பத்திலிருந்து.

ஆட்டத்தில் இதை லெவல் என்பார்கள்.

நம் பக்கமும் ஒன்று உண்டு. தாம்பரம் சானடோரியம். 1928இல் டேவிட் சௌரிமுத்து தொடங்கியது. இங்கிலாந்திலும் காசநோய் சானடோரியம் நடத்தியவர், கணிதமேதை ராமானுஜன் அங்கே கொஞ்ச காலம் இருந்தார். மின்சார ரயில் இன்றும் "தாம்பரம் சானடோரியம்" என்று சொல்லித்தான் நிற்கிறது. சுத்தமான காற்றுக்காகத் தேர்ந்தெடுத்த இடம். இப்போது பக்கத்திலேயே ஜிஎஸ்டி ரோடு.

காசநோய் குணமான பின்னும் நுரையீரல் தழும்பேறிப்போய் ஆயுசுக்கும் இளைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மாத்திரை முடிந்தது, கோப்பு மூடியது. அவர்களுக்கும் இந்தப் பயிற்சிதான். அவர்களைக் கூப்பிட யாரும் இல்லை.

பல்ஸ் ஆக்ஸிமீட்டர். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும், விரலில் மாட்டும் கிளிப். அதன் தத்துவத்தைக் கண்டவர் டகுவோ அயோயாகி, ஜப்பான், 1970களில். 2020 ஏப்ரலில் இறந்தார். கொரோனாவில் உலகம் முழுக்க மருந்துக் கடை வாசலில் அதற்காக வரிசையில் நின்ற வருடம்.

நம் வீடுகளில் அது இப்போது டிராயருக்குள். பேட்டரி கசிந்திருக்கும்.

பயிற்சியின்போது 88 சதவீதத்துக்குக் கீழே போனால் நிறுத்தச் சொல்வது வழக்கம். ஆனால் கை ஆடினால் அந்தக் கிளிப் தப்பாகக் காட்டும். குத்துச்சண்டை ஆடும் கையில் மாட்டிப் பிரயோஜனம் இல்லை. நிறுத்திவிட்டு, கையை அசையாமல் வைத்து, பிறகு பார்க்க வேண்டும். அதற்குள் எண் தேறியிருக்கும்.

குளிர்ந்த விரலிலும் தடுமாறும். நகப்பூச்சிலும்.

வேறு வழி: பேச்சு. ஆடிக்கொண்டே ஒரு வாக்கியம் பேச முடிந்தால் சரி. இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்றால் உட்கார வேண்டும். பேட்டரி வேண்டாம்.

ஆனால் பேச ஓர் ஆள் வேண்டும்.

ஆக்ஸிஜன் செறிவூட்டியோடு இருப்பவர்கள். மூக்கிலிருந்து நீளமான குழாய். அதைத் தாண்டித்தான் ஆட்டம். கால் தடுக்கும், திரும்பும் ஆட்டத்தில் உடம்பைச் சுற்றும். இந்தக் குழாயைப் பற்றி விளையாட்டு டப்பாவின் எச்சரிக்கைப் பட்டியலில் ஒரு வரி இல்லை. செல்லப்பிராணி, குழந்தை, மேஜை எல்லாம் இருக்கிறது.

அந்தக் குழாயோடு தெருவில் நடந்தால் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்குக்குப் போகாததற்கு முதல் காரணம் நுரையீரல் அல்ல.

வீட்டில் டிவி மட்டும்தான் பார்க்கும். சளி துப்பலாம். லுங்கியோடு ஆடலாம்.

நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியைப் பற்றி 2015இல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு. 65 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பலன் உண்டு, இனிமேல் பலன் உண்டா என்று கேட்டுச் சோதனை வேண்டாம் என்று அந்தக் கேள்வியை மூடினார்கள். மருத்துவத்தில் அபூர்வம். இவ்வளவு உறுதியாகத் தெரிந்த ஒன்று கிடைக்கிற இடங்கள் எத்தனை குறைவு!

பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்தால் ஒரு வருடத்துக்குள் பலன் கரைய ஆரம்பிக்கிறது. எட்டு வாரம் சைக்கிள் மிதித்தவர் ஒன்பதாம் வாரம் ஜன்னலோரம்.

விளையாட்டும் சலிக்கும். சலிக்காது என்று சொல்பவர் பெட்டி விற்பவர். பரணில் எத்தனை வெள்ளைப் பலகைகள் தூசி தின்னுகின்றனவோ.

விளையாட்டு மட்டும்தான் வழி என்றில்லை. மவுத் ஆர்கன் வாசிக்கும் சிஓபிடிக் குழுக்கள் அமெரிக்காவில் உண்டு. இங்கிலீஷ் நேஷனல் ஓபரா 2020இல் கொரோனாவுக்குப் பின் மூச்சிரைப்பு நீங்காதவர்களுக்குப் பாட்டு வகுப்பு தொடங்கியது. சீனாவில் தாய்ச்சி.

எல்லாவற்றிலும் ஒன்று கவனித்தேன். மூச்சுப் பயிற்சி பாட்டுக்குள்ளும் ஆட்டத்துக்குள்ளும் ஒளிந்திருக்கிறது.

பாட்டி கைதட்டிச் சிரித்தபடியே மூச்சு வாங்கினார். பேரன் டிவியில் ஆடிக்கொண்டிருந்தான், இவர் நாற்காலியில் உட்கார்ந்து அவனோடு கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். மருமகள் ஓடிவந்து "போதும்மா, போதும்மா" என்றாள். பாட்டி "இருடி" என்றார். எங்கள் அடுக்ககத்தில், எதிர் வீடு.

மூச்சு வாங்கும்போது ஒருவர் சிரிப்பதை அதற்கு முன் பார்த்த நினைவில்லை.

மருமகள் பயந்ததும் நியாயம்தான்.

சரி, யாராவது கேட்டால் சொல்ல. நோய் நிதானமாக இருக்கிற காலத்தில் மட்டும். காய்ச்சல், சளி நிறம் மாறியிருந்தால், நெஞ்சுவலி என்றால், தொடவே வேண்டாம். டாக்டரைக் கேட்ட பிறகே. இன்ஹேலர் பம்ப் கைக்கெட்டும் இடத்தில். மின்விசிறி ஓடட்டும். பின்னால் கைப்பிடி உள்ள நாற்காலி. தரையில் பாய் வேண்டாம், வழுக்கும். வேகமான ஆட்டம் வேண்டாம், தாளத்தைக் குறைக்க முடிகிற ஆட்டமாகப் பாருங்கள். பெட்டி வாங்கக் கடன் வாங்காதீர்கள். பழைய சினிமாப் பாட்டுக்கு நின்ற இடத்தில் கால் மாற்றி வைத்தாலும் தொடைக்கு அது வேலைதான்.

அடுத்த தடவை மார்புநோய்ப் பிரிவுக்குப் போகும்போது, மருந்துச் சீட்டு வாங்கியதும் எழுந்துவிடாதீர்கள். இங்கே நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால், ஏன் இல்லை என்றும் கேளுங்கள்.